மாத்திரையால் கிடைக்கும் சாந்தி

(ஒரு கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் வைத்திய சம்பந்தமானது. நான் வைத்தியன் அல்ல. வைத்தியம் படிக்காதவன் வைத்தியத்தைப் பற்றிப் பேசலாமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். இதே கேள்வியை வேறு ஒரு கூட்டத்தார் வெகு காலமாக நம்மைப் பார்த்துக் கேட்டு வந்திருக்கிறார்கள். வேதம் படிக்காதவன் வேதத்தைப் பற்றிப் பேசலாமா, ஆகமம் தெரியாதவன் கோயிலைப் பற்றிப் பேசலாமா என்றார்கள். எந்தக் காரியத்துக்காக என் பணமும் மானமும் செலவாகின்றதோ, அந்தக் காரியத்தைப் பற்றி ஏன், எதற்கு என்று கேட்க எனக்குப் பாத்தியதை உண்டு என்பதுதான் நமது பதில். மாத்திரையை எழுதிக் கொடுப்பவர் வேறொருவராயிருக்கலாம். ஆனால் அதை விழுங்குகிறவன் நான். அதன் பலனை அனுபவிக்கிற உடம்பு என்னுடையது. ஆகவே கேட்க எனக்கு உரிமை உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வைத்திய சாஸ்திரம் வேத சாஸ்திரம் போன்றதல்ல. அது சோதித்துப் பார்ப்பது. தப்பென்று கண்டால் திருத்திக்கொள்வது. இன்று நான் சொல்லப்போகிற குறைகளையெல்லாம் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னவர்களும் வைத்தியர்களே. ஆதலால் என் பேச்சைக் கேட்டுவிட்டு யாரும் இங்கிலீஷ் வைத்தியமே பொய் என்றோ, நாளை முதல் மந்திரித்த கயிறு கட்டிக்கொள்ளலாம் என்றோ போய்விட வேண்டாம். அது தப்பைவிடப் பெரிய தப்பாகும்.

இரண்டு சாந்திகள்

தோழர்களே! நம் நாட்டில் சாந்தி என்ற வார்த்தைக்கு ஒரு பழைய அர்த்தம் உண்டு. பெண்ணுக்குக் கல்யாணமாகவில்லை, பிள்ளைக்கு உத்தியோகமில்லை, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்றால் கிரகம் சரியில்லை என்பார்கள். சாந்தி செய்ய வேண்டும் என்பார்கள். எள்ளும் நெய்யும் பணமும் செலவாகும். சாந்தி முடிந்த மறுநாளும் கடன்காரன் அதே வாசலில்தான் நிற்பான். ஆனால் செய்தவன் மனதில் ஏதோ ஒரு திருப்தி இரண்டு நாளைக்கு இருக்கும். அது தீர்ந்தவுடன் அடுத்த சாந்தி.

இப்போது இன்னொரு சாந்தி வந்திருக்கிறது. அது மாத்திரை ரூபமாக வந்திருக்கிறது. இதன் பொது இனப்பெயர் பென்ஸோடயஸிபீன் என்பது. கடையில் டயஸிபாம், அல்பிரஸோலம், லோரஸிபாம், குளோனஸிபாம் என்று பல பெயர்களில் கிடைக்கின்றது. நம் ஜனங்கள் தூக்க மாத்திரை என்றும், நரம்பு மாத்திரை என்றும், டென்ஷன் மாத்திரை என்றும் சொல்லுகிறார்கள். பழைய சாந்தியால் பணம் மாத்திரம் போயிற்று. புதிய சாந்தியை வருஷக்கணக்கில் செய்தால் பணத்தோடு வேறு சிலவும் போகும் என்பதே எனது இன்றைய பேச்சின் சாரம்.

இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். 1857-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் லாக்காக் என்னும் வைத்தியர் புரோமைடு என்ற உப்பைக் காக்காய் வலிப்புக்குக் கொடுக்கலாம் என்று சொன்னார். பிறகு அது கோபத்துக்கும், தூக்கமின்மைக்கும், எல்லா மனச் சங்கடத்துக்கும் மருந்தாயிற்று. அந்த உப்போ உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும்; நாள்தோறும் சாப்பிட்டவர்களின் உடம்பில் அது சேர்ந்து சேர்ந்து புத்தி தடுமாற்றத்தையும் தோலில் கொப்புளத்தையும் உண்டாக்கிற்று. பிறகு 1903-ல் ஃபிஷர், ஃபான் மேரிங் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பார்பிட்டால் என்ற தூக்க மருந்தை வெளியிட்டார்கள். அந்த இனத்து மருந்துகள் சுமார் ஐம்பது வருஷம் அரசாண்டன. தூங்குவதற்கு வேண்டிய அளவுக்கும், ஒரேயடியாய்த் தூங்கிவிடுவதற்கு வேண்டிய அளவுக்கும் அவற்றில் தூரம் குறைவு. எத்தனையோ பேர் தெரிந்தும் தெரியாமலும் அதனால் மாண்டார்கள்.

அப்புறம் 1955-ல் அமெரிக்காவில் மில்டவுன் என்ற மாத்திரை வந்தது. தீர்ந்துபோய்விட்டது, நாளைக்கு வாருங்கள் என்று மருந்துக் கடைக்காரர்கள் அறிவிப்பு எழுதி ஒட்டும்படியாக அது விற்றது. சில வருஷங்களில் அதற்கும் ஜனங்கள் அடிமையாகிறார்கள் என்று தெரிந்தது. பிறகு ஹாஃப்மன் லாரோஷ் கம்பெனியின் அமெரிக்கக் கூடத்தில் வேலை பார்த்துவந்த லியோ ஸ்டெர்ன்பாக் என்ற ரசாயன நிபுணர் கண்டுபிடித்த லிப்ரியம் 1960-லும், வாலியம் 1963-லும் கடைக்கு வந்தன. வாலியந்தான் டயஸிபாம். 1969 முதல் 1982 வரை அமெரிக்காவிலேயே அதிகமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மருந்து அதுதான். 1978-ம் வருஷம் ஒன்றில் மாத்திரம் சுமார் 230 கோடி மாத்திரைகள் விற்றன.

தோழர்களே! இந்தச் சரித்திரத்தில் ஒரு விசேஷத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு மருந்து வரும்போதும், இதற்கு முந்தினது பழக்கத்தில் மாட்டிவிடும், இது மாட்டாது என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அது பொய்த்தது. ஒரு அவதாரம் போனால் அடுத்த அவதாரம் என்று புராணக்காரன் சொல்லுவதைப் போலவே இதுவும் நடந்திருக்கிறது.

மாத்திரை செய்வது என்ன?

நமது மூளையில் பரபரப்பை ஏற்றுகிற சக்தியும் இருக்கிறது. அதை அடக்குகிற சக்தியும் இருக்கிறது. அடக்குகிற வேலையைச் செய்வதற்குக் காபா என்று ஒரு ரசாயனப் பொருள் மூளையிலேயே உண்டாகிறது. இந்த மாத்திரை புதிதாக ஒரு சாந்தியைக் கொண்டுவந்து கொட்டுவதில்லை. இருக்கிற காபா செய்யும் வேலையை அதிகப்படுத்திக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதனால் பயம் குறைகிறது, தூக்கம் வருகிறது, தசை தளர்கிறது, வலிப்பு நிற்கிறது.

இதெல்லாம் நல்லதுதானே என்று கேட்பீர்கள். நல்லதுதான். விடாமல் வலிப்பு வந்து உயிருக்கு மன்றாடுகிறவனுக்கு இது உயிர் கொடுக்கும் மருந்து. ரண சிகிச்சைக்கு முன்பும், குடியை நிறுத்துகிறவனுக்கு வரும் ஜன்னியிலும், தாங்க முடியாத திடீர் பயத்திலும் இதற்கு ஈடான மருந்து கொஞ்சம். சில நாள் உபயோகத்தில் இதன்பேரில் நமக்கு ஒரு புகாரும் இல்லை. சங்கதி எல்லாம் அந்தச் சில நாள் எப்படிப் பல வருஷமாகிறது என்பதில்தான் இருக்கிறது.

ஒரு வீட்டில் நாள்தோறும் வெளியிலிருந்து ஒரு ஆள் வந்து தண்ணீர் இறைத்துக் கொடுத்தால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? தன் கயிற்றையும் வாளியையும் மூலையில் போட்டுவிடுவான். மூளையும் அப்படித்தான். வெளியிலிருந்து அடக்குகிற பலம் தினமும் வருவதைக் கண்டு, தான் அடக்குவதைக் குறைத்துக்கொள்ளுகிறது. அதனால் முதல் வாரத்தில் ஒரு மாத்திரையில் வந்த தூக்கம் சில வாரத்தில் வருவதில்லை. அரை மாத்திரை கூட்டுகிறார்கள். பிறகு ஒரு நாள் மாத்திரை இல்லையென்றால், கூலியாளும் வரவில்லை, கயிறும் இற்றுப்போயிருக்கிறது என்கின்ற கதியாகிறது. படபடப்பு, நடுக்கம், வியர்வை, தூக்கமே இல்லாமை, சிறு சப்தமும் இடியாகக் கேட்பது, இவை வரும். அதிகம் சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் கூட வரலாம், உயிரும் போகலாம்.

இங்கேதான் மனிதனுடைய அறிவு ஏமாந்து போகிறது. அவன் என்ன நினைக்கிறான்? எனக்கு முன்பு பயம் இருந்தது. மாத்திரை சாப்பிட்டேன், போயிற்று. நிறுத்திப் பார்த்தேன், முன்னிலும் பத்து மடங்கு வந்துவிட்டது. ஆகவே என் வியாதி பெரிது, மாத்திரை எனக்கு ஆயுள் முழுவதும் வேண்டும் என்று நினைக்கிறான். மாத்திரையே உண்டாக்கிய கோளாறை மாத்திரை தீர்ப்பதாக எண்ணுகிறான். குளிகன் தோஷம் என்று பயத்தை உண்டாக்கியவனே அதற்குப் பரிகாரமும் விற்பது போன்ற தந்திரம் இது. ஆனால் ஒரு பேதம் உண்டு. தோஷத்தின் பயம் வெறும் நினைப்பு. அறிவு வந்தால் அன்றே ஓடிவிடும். மாத்திரையின் பிடி நிஜமாகவே உடம்பில் இருக்கிறது. அது மெதுவாகத்தான் போகும்.

தெரிந்தும் நடந்தது

இது பிற்காலத்தில் தெரிந்த சமாசாரமா என்றால், இல்லை. லிப்ரியம் கடைக்கு வந்த மறு வருஷமே, 1961-ல், ஹாலிஸ்டர் என்ற அமெரிக்க வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். அதிக அளவில் சில மாதம் லிப்ரியம் சாப்பிட்டு வந்த 11 பேருக்கு, அவர்களுக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்தார்கள். 11 பேரில் 10 பேருக்குப் புதிய கோளாறுகள் வந்தன. 2 பேருக்கு வலிப்பே வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேறென்ன வேண்டும்? ஆனால் அதிக அளவில்தானே அப்படி, சாதாரண அளவில் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். சாதாரண அளவிலும் உண்டு என்பதை லண்டனில் மால்கம் லேடர் போன்றவர்கள் காட்டும்வரை உலகம் விழுங்கிக்கொண்டேயிருந்தது.

1979-ல் அமெரிக்க செனட்டில் எட்வர்டு கென்னடி தலைமையில் இதைப்பற்றி விசாரணை நடந்தது. இங்கிலாந்தில் மருந்துப் பாதுகாப்புக் கமிட்டியார் 1988 ஜனவரியில்தான், இதை 2 முதல் 4 வாரத்துக்கு மேல் கொடுக்கலாகாது என்று வைத்தியர்களுக்கு எழுதினார்கள். ஆயிரக்கணக்கான ஜனங்கள் அங்கே கம்பெனிகளின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். சர்க்கார் கொடுத்துவந்த சட்ட உதவிப் பணம் நின்றுபோனதால் அது தீர்ப்புக்கே வராமல் கலைந்தது. அமெரிக்க மருந்து இலாகாவோ, இந்த இனத்து மருந்து அனைத்தின்மேலும் பழக்க அடிமைத்தனத்தையும் நிறுத்தும்போது வரும் ஆபத்தையும் பற்றிக் கட்டம் கட்டிய எச்சரிக்கையைப் போடவேண்டும் என்று 2020-ல் உத்தரவிட்டது. 1961 எங்கே, 2020 எங்கே! நடுவில் உள்ள 59 வருஷம் யாருக்கு லாபமாயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு ஏன் அதிகம்?

தாய்மார்களே! இந்தப் பாகம் உங்களுக்காகச் சொல்லுகிறேன். ஆண்களும் வெட்கத்தோடு கேட்கவேண்டியது.

மேல்நாடுகளில் கணக்கெடுத்த இடங்களிலெல்லாம் இந்த மாத்திரை ஆண்களைப்போல் சுமார் இரண்டு மடங்கு பெண்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. பெண்ணுக்கு மூளை பலவீனம் என்றா அர்த்தம்? காரணத்தை மருந்துக் கம்பெனிகளே வைத்தியப் பத்திரிகைகளில் விளம்பரமாகப் போட்டிருக்கிறார்கள். 1960-களில் வந்த ஒரு விளம்பரப் படத்தைப் பற்றிச் சொல்லுகிறேன். இதே இனத்தைச் சேர்ந்த ஒரு மாத்திரைக்கானது. துடைப்பங்களும் தரை துடைக்கும் கோல்களும் ஜெயில் கம்பிகளைப்போல் வரிசையாக நிற்கின்றன. அதற்குப் பின்னால் ஒரு குடும்பப் பெண் அடைபட்டு நிற்கிறாள். கீழே வைத்தியரைப் பார்த்து, இவளை விடுதலை செய்வது உம்மால் ஆகாது, ஆனால் இவளுடைய கவலையைக் குறைக்க உம்மால் ஆகும் என்னும் கருத்தில் எழுதியிருக்கிறது. 1970-ல் வாலியத்துக்கு வந்த இன்னொரு விளம்பரம், முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணமாகாமலிருக்கும் ஒரு பெண்ணைக் காட்டி, அவளுக்கு இந்த மாத்திரையைச் சிபாரிசு செய்தது.

இதைவிட வெளிப்படையாக யார் ஒப்புக்கொள்ளுவார்கள்? பெண் அடுப்பங்கரை என்ற ஜெயிலில் இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கதவைத் திறப்பது நம் வேலையல்ல. உள்ளே கூச்சலில்லாமல் இருந்தால் போதும் என்று மாத்திரை விற்றிருக்கிறார்கள். முன்பு இதே வேலையைப் பதிவிரதைக் கதைகள் செய்தன. அவள் தலைவிதி, கர்மம், பொறுத்துக்கொண்டால் மோட்சம் என்றார்கள். கதையை நம்பாத காலம் வந்ததும் மாத்திரை வந்தது. குடிக்கிற புருஷன், ஓயாத வேலை, சொந்தமாக ஒரு காசும் இல்லாமை, வெளியே போக அனுமதி இல்லாமை, இவற்றால் ஒருத்திக்குத் தூக்கம் வரவில்லையென்றால் வியாதி அவள் மூளையில் இருக்கிறதா, அந்த வீட்டில் இருக்கிறதா? வீட்டை விட்டுவிட்டு மூளைக்கு மருந்து போட்டால் நியாயமாகுமா? மனோவியாதி உண்மையாகவே உள்ளவர்கள் உண்டு. அவர்களுக்குத் தக்க வைத்தியமும் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அநியாயத்தைக் கண்டு நெஞ்சு படபடப்பதெல்லாம் வியாதி என்றால், சுயமரியாதையும் ஒரு வியாதியாகத்தான் போய்விடும்.

வயதானவர்களின் கதி

நிற்க, பெண்களுக்கு அடுத்தபடி இதில் அதிகமாக மாட்டிக்கொண்டிருப்பவர்கள் வயதானவர்கள். கிழவர் இரவில் தூங்காமல் நடமாடினால் வீட்டாருக்குத் தொந்தரவு. ஒரு மாத்திரை கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் வயதான உடம்பு மருந்தைச் சீக்கிரம் வெளியேற்றுவதில்லை. டயஸிபாம் போன்றது உடம்பில் நாட்கணக்கில் தங்கும். நேற்றைய மாத்திரையோடு இன்றைய மாத்திரையும் சேரும். பகலில் மயக்கம், கால் தள்ளாட்டம், ஞாபக மறதி. இராத்திரி மூத்திரத்துக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளுகிறார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, புத்தி தடுமாறுகிறது என்று பிள்ளைகள் சொல்லுகிறார்கள். அதில் வயதின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று ஒருவரும் கேட்பதில்லை. தவிரவும், இந்த மாத்திரையோடு சாராயமோ அபினி இனத்து வலி மருந்தோ சேர்ந்தால் மூச்சே நின்றுபோகும். 2016-லேயே அமெரிக்க மருந்து இலாகா இதற்கும் தனி எச்சரிக்கை போட்டிருக்கிறது. இதைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறவன் தன் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கிறான்.

விடுவதற்கு வழி

இப்போது மிகவும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கேட்டுவிட்டு உங்களில் யாராவது வீட்டுக்குப் போய், வருஷக்கணக்காகச் சாப்பிட்டுவரும் மாத்திரையை இன்று இரவே சாக்கடையில் கொட்டிவிடுவீர்களானால், நான் உங்களுக்குத் தீங்கு செய்தவனாவேன். கண்மூடிச் சாப்பிட்டது எவ்வளவு தப்போ அவ்வளவு தப்பு கண்மூடி நிறுத்துவதும். வலிப்பு வியாதிக்காகக் கொடுக்கப்பட்டிருந்தால் இன்னும் ஆபத்து. வைத்தியரிடம் போய், ஐயா, இதை எத்தனை வருஷமாக எதற்காகச் சாப்பிடுகிறேன், இன்னும் வேண்டுமா, எப்படிக் குறைப்பது என்று வாய்திறந்து கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல. கேட்டால் கோபித்துக்கொள்ளுகிற வைத்தியர் இருந்தால், வேறு வைத்தியரைத் தேடுவது உங்கள் உரிமை.

இங்கிலாந்தில் நியூகாஸில் என்ற ஊரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பெண் வைத்தியப் பேராசிரியர் 1982 முதல் 1994 வரை இந்த மாத்திரையை விடுவதற்கென்றே ஒரு வைத்தியசாலை நடத்தினார். நோயாளிகள் சொன்னதை அந்த அம்மையார் நம்பினார், அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டார். கண்ட முடிவு எளிமையானது. சீக்கிரம் வெளியேறிவிடுகிற மருந்து சாப்பிடுகிறவரை, மெதுவாக வெளியேறும் டயஸிபாமுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவது. பிறகு ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடும் அளவில் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைப்பது. வேகத்தை நோயாளியின் உடம்பு சொல்லுகிறபடி வைப்பது. சிலருக்கு மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். இதை 1999-ல் புத்தகமாகவே எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி விட்டார்.

இன்னொரு சோதனையைச் சொல்லாமல் நான் முடிக்கக் கூடாது. ஏனெனில் அது நமது இயக்கத்தின் கொள்கைக்கே சாட்சியாக இருக்கிறது. கானடா தேசத்தில் மான்ட்ரியால் பக்கத்தில், வெகுகாலமாக இந்த மாத்திரை சாப்பிட்டுவந்த 65 வயதுக்கு மேற்பட்ட 303 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியாருக்கு ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். மாத்திரையின் ஆபத்து என்ன, உங்களுக்குத் தெரிந்தது சரியா என்று நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள், வாரக்கணக்கில் எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் அதில் இருந்தன. மற்றொரு பகுதியாருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது புத்தகம் பெற்றவர்களில் 100-க்கு 27 பேர் மாத்திரையை அடியோடு விட்டிருந்தார்கள். பெறாதவர்களில் 100-க்கு 5 பேர்தான். 2014-ல் இது வெளிவந்தது. கிழவர்களுக்குச் சொன்னால் விளங்காது, பாமர ஜனங்களுக்குச் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுவார்கள்? மனிதனை மனிதனாக மதித்து விஷயத்தைச் சொன்னால் அவன் யோசிக்கிறான், யோசித்தால் நடக்கிறான்.

தூக்கம் வராமைக்கு மாத்திரை ஒன்றுதான் வழி என்பதும் தப்பு. நினைப்பையும் பழக்கத்தையும் திருத்தும் பயிற்சி முறை இருக்கிறது. படுக்கும் நேரத்தையும் எழுந்திருக்கும் நேரத்தையும் ஒழுங்குபடுத்துவது, தூக்கம் வராதபோது படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, தூங்காவிட்டால் செத்துப்போவோம் என்ற பயத்தை ஆராய்ந்து பார்ப்பது போன்றவை அதில் உண்டு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் செய்ய வேண்டியது இதுவே, மருந்து பிறகுதான் என்று அமெரிக்க வைத்தியர்கள் சங்கம் ஒன்று 2016-ல் சொல்லியிருக்கிறது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. அல்பிரஸோலம், டயஸிபாம் முதலியவை 2013-ல் கொண்டுவந்த எச்-1 என்ற அட்டவணையில் சேர்ந்திருக்கின்றன. வைத்தியர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது; வாங்கினவர் பெயரைக் கடைக்காரர் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும்; அட்டையில் சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை இருக்க வேண்டும். ஆனால் சட்டம் கடை வாசலோடு நின்றுவிடும். ஐந்து வருஷத்துக்கு முந்திய சீட்டைக் காட்டி வாங்குவதும், பக்கத்து வீட்டு அம்மாளுக்கு எழுதிக் கொடுத்ததை நாம் விழுங்குவதும் நிற்க வேண்டுமானால் நமக்குத்தான் அறிவு வேண்டும்.

ஆகவே தோழர்களே! நான் சொன்னதையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். யார் சாப்பிடுகிறார்கள், எத்தனை நாளாக, எதற்காக, கடைசியாக எந்த வைத்தியர் பார்த்தார் என்று விசாரியுங்கள். தக்க காரணமிருந்தால் சாப்பிடட்டும். காரணம் மறந்துபோயிருந்தால், தெரிந்த வைத்தியரைக் கொண்டு மெதுவாக விடட்டும். அதோடு நிற்காமல், அந்த வீட்டில் தூக்கத்தைக் கெடுப்பது எது என்பதையும் விசாரியுங்கள். அது கடனாயிருந்தாலும், குடியாயிருந்தாலும், பெண்ணை அடிமையாக வைத்திருக்கும் வழக்கமாயிருந்தாலும், அதை ஒழிக்க மாத்திரை கிடையாது. அது மனிதர்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலை.